இடப்பக்க லேனில் ஆள் இருந்தால் மட்டும்

நூறு மீட்டர் தடை தாண்டும் ஓட்டத்தில் தொடக்கக் கோட்டுக்கும் முதல் ஹர்டிலுக்கும் இடையே 13 மீட்டர் தூரம் இருக்கிறது. பெண்களுக்கான ஹர்டிலின் உயரம் 83.8 சென்டிமீட்டர். அந்த 13 மீட்டரை எட்டுக் காலடிகளில் கடந்து, இடக்காலால் உந்தி, வலக்காலை முன்னே நீட்டித் தாண்டுவதை ஒன்பது ஆண்டுகளாகச் செய்துவந்தேன். அதைப் பற்றி நினைக்க வேண்டிய தேவையே எனக்கு இருந்ததில்லை. பிறகு ஒரு பருவத்தில், பெரும்பாலும் போட்டி நாள்களில், ஆறாவது காலடியில் என் உடம்பு தானாகவே சுருங்கத் தொடங்கியது. உடலில் எந்தக் குறையும் இல்லை என்று மருத்துவர் சொன்னார். தனியாகப் பயிற்சி செய்யும்போது எல்லாம் ஒழுங்காகவே நடந்தது. ஆனாலும் போட்டியில் ஹர்டிலை நெருங்கும் நேரத்தில் யாரோ பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுப்பதுபோல் இருக்கும். அது என்னவென்று புரிந்துகொண்டு வெளியே வர எனக்கு இருபத்தாறு மாதங்கள் ஆயின. அவற்றில் முதல் பதினாறு மாதங்கள் பெரும்பாலும் தவறான இடங்களில் தேடிக் கழிந்தவை. அந்த நாள்களில் யாராவது எனக்குச் சொல்லியிருக்கக் கூடாதா என்று ஏங்கிய செய்திகளைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எல்லாம் ஒரு விபத்தில் தொடங்கியது. ஒரு போட்டியின் இறுதி ஓட்டத்தில் நான் ஐந்தாம் லேனிலும், ஆறு ஆண்டுகளாக என்னோடு பயிற்சி செய்துவந்த தோழி நான்காம் லேனிலும், அதாவது என் இடப்பக்கத்தில், நின்றிருந்தோம். முதல் ஹர்டிலில் என் வலக் குதிகால் மேல்பலகையில் இடித்தது. உடம்பு இடப்பக்கமாகத் திரும்பியது. வலக்காலை முன்னே நீட்டித் தாண்டுபவருக்கு இடக்கை முன்னே போய்ப் பிறகு அகன்று பின்னால் வரும். நிலைகுலைந்த அந்த நொடியில் அந்தக் கை வழக்கத்தைவிட வெகுதூரம் அகன்று, தரையைவிட்டு எழும்பிக்கொண்டிருந்த அவளுடைய தோளில் பட்டது. இருவரும் விழுந்தோம். எனக்கு முழங்கையில் சிராய்ப்பும் மணிக்கட்டில் ஒரு வாரத்தில் வடிந்துவிட்ட வீக்கமும் மட்டுமே. அவளுக்கோ முழங்காலில், விளையாட்டு வீரர்கள் ஏ.சி.எல். என்று சொல்லும் தசைநார் அறுந்துவிட்டது.

அதற்குப் பிறகு நான் செய்ததை மறைக்காமல் சொல்ல வேண்டும், ஏனென்றால் விபத்தைவிட அதுதான் பின்னால் என்னைப் பிடித்துக்கொண்டது. அவள் முழங்காலைப் பிடித்தபடி தரையில் கிடந்தபோது எல்லாரும் அவளை நோக்கி ஓடினார்கள், நான் ஓடவில்லை. எழுந்து நின்றேன், ஓடுபாதையைவிட்டு வெளியே வந்தேன், என் பையை அடுக்கினேன். அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு மற்றவர்களோடு சேர்ந்து ஒரே ஒரு முறை மருத்துவமனைக்குப் போய்க் கட்டிலின் கால்மாட்டில் நின்றேன். அவளுடைய அம்மா என்னைப் பார்த்து, "உன் கை இப்போது எப்படி இருக்கிறது அம்மா?" என்று பரிவோடு கேட்டார். யாராவது என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அந்தக் கேள்வியை என்னால் தாங்க முடியவில்லை. அதன் பிறகு நான் போகவில்லை. பயிற்சி இருக்கிறது, களைப்பாக இருக்கிறது என்று எனக்கே காரணங்கள் சொல்லிக்கொண்டேன். யாரும் என்னிடம் எதுவும் கேட்கவும் இல்லை. அடிபட்டவள் அவள், நான் நலமாக இருக்கிறேன் என்று எல்லாரும் நினைத்தார்கள், நானும் அப்படித்தான் நினைத்தேன்.

இரண்டு வாரங்களில் ஹர்டில் பயிற்சிக்குத் திரும்பிவிட்டேன். விழுந்ததற்கான பயம் ஏதும் தென்படவில்லை என்று பயிற்சியாளரும் மகிழ்ந்தார். ஆறு வாரங்களுக்குப் பிறகு வந்த முதல் போட்டியில்தான் அது முதன்முறையாக நேர்ந்தது. ஐந்து காலடிகள் வழக்கம்போல் இருந்தன. ஆறாவது குட்டையாக விழுந்தது, ஏழாவதும் அப்படியே. ஹர்டிலுக்கு ஏறத்தாழ இரண்டு மீட்டர் முன்னாலிருந்து உந்த வேண்டிய நான் அதற்கு மிக அருகில் போய் நின்று, முன்னோக்கிப் பாய்வதற்குப் பதிலாக மேல்நோக்கிக் குதித்தேன். சில நாள்களில் இன்னும் மோசமாக ஒன்பதாவது காலடி ஒன்று உள்ளே புகுந்துவிடும். அப்போது உந்தும் கால் மாறி, பழக்கமே இல்லாத இடக்காலை முன்னே நீட்ட வேண்டியிருக்கும். முதல் ஹர்டிலைத் தாண்டித் தரையைத் தொடும் நேரத்தைப் பயிற்சியாளர் எப்போதும் குறித்துவைப்பார். எனக்கு அது 2.70 நொடியாக இருந்தது. அந்தப் பருவத்தின் முடிவில் 2.86 ஆகியிருந்தது. முதல் ஹர்டிலில் இழந்த வேகம் மீதி ஒன்பது ஹர்டில்களிலும் தொடர்ந்து வரும் என்பதால், 13.94 நொடியில் ஓடிய நான் 14.71 நொடிக்கு இறங்கினேன்.

முதலில் உடம்பைப் பரிசோதித்தோம். அதை வீண் என்று ஒருபோதும் சொல்ல மாட்டேன். ஓட்டத்தில் திடீரென்று ஒரு தயக்கம் வந்தால், இடுப்பு, கணுக்கால், தொடைத்தசை, இரத்தச்சோகை, பார்வை, தூக்கம் ஆகிய எல்லாவற்றையும் முதலில் பார்த்துவிட வேண்டும். வலியை அஞ்சி உடம்பு சுருங்குவதும், உள்ளத்தில் இருக்கும் ஒன்றை அஞ்சிச் சுருங்குவதும் வெளியே ஒன்றுபோலவே தெரியும். எல்லாம் மனத்தில்தான் இருக்கிறது என்று யாராவது முதல் நாளே சொன்னால், பரிசோதனை முடியும்வரை அதை நம்பாதீர்கள்.

அடுத்து வந்த எட்டு மாதங்களைத்தான் நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது. குறை நுட்பத்தில் இருக்கிறது என்று நாங்கள் முடிவு செய்தோம். புறப்படும்போது கால்களை ஊன்றி உந்தும் ஸ்டார்ட்டிங் பிளாக்குகளின் இடைவெளியை மூன்று முறை மாற்றினோம். எட்டுக்குப் பதிலாக ஏழு காலடிகளில் போய்ப் பார்த்தோம். தரையில் அடையாள நாடாக்களை ஒட்டி ஒவ்வொரு காலடியும் எங்கே விழ வேண்டும் என்று அளந்தோம். காணொளியை ஒவ்வொரு சட்டகமாக நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். இரவில் படுத்திருக்கும்போதுகூட எட்டு வரை எண்ணிக்கொண்டிருந்தேன். பார்க்கப் பார்க்க நிலைமை மோசமானது. அதன் காரணத்தைப் பின்னால்தான் தெரிந்துகொண்டேன். நன்றாகப் பழகிய ஓர் அசைவை உடம்பு தன்போக்கில் நடத்துகிறது; அதைப் படிப்படியாகக் கவனித்து நடத்த முயன்றால் அந்த ஒழுங்கு குலைந்துவிடும். அழுத்தத்தின்போது தேர்ந்த வீரர்கள் தடுமாறுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம் என்று விளையாட்டு உளவியல் நெடுங்காலமாகச் சொல்லிவருகிறது. மாடிப்படியில் இறங்கும்போது ஒவ்வொரு அடியையும் எண்ணி வைக்கத் தொடங்கினால் கால் இடறுவது போன்றதுதான் இது. ஆகவே நுட்பத்தில் கை வைப்பதற்கு முன் ஒரே ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்ளுங்கள்: இந்தத் தவறு எப்போதும் வருகிறதா, சில சூழல்களில் மட்டும் வருகிறதா? எப்போதும் வந்தால் அது நுட்பக் குறையாக இருக்கலாம். சில சூழல்களில் மட்டும் வந்தால், உங்கள் உடம்புக்கு நுட்பம் தெரியும். வேறு ஏதோ ஒன்று அதைத் தடுக்கிறது. இந்த ஒரு கேள்வியை நாங்கள் கேட்டிருந்தால் எனக்கு எட்டு மாதங்கள் மிச்சமாகியிருக்கும்.

பணம் போனது அதற்கு அடுத்த கட்டத்தில். வெற்றியைத் தடுக்கும் ஆழ்மனத் தடைகளை இரண்டே நாளில் வேரோடு நீக்குவதாகச் சொன்ன ஒரு பயிற்சி முகாமுக்கு, ஓராண்டுக்கும் மேலாகச் சேர்த்துவைத்திருந்த தொகை முழுவதையும் கட்டிச் சேர்ந்தேன். நடத்தியவர் விளையாட்டைப் பற்றி என்னிடம் எதுவும் கேட்கவில்லை. என் தடை சிறுவயதில் உருவானது என்றும், வெற்றி பெற்றால் அன்பை இழந்துவிடுவேன் என்று என் ஆழ்மனம் நம்புகிறது என்றும் பத்து நிமிடங்களில் சொல்லிவிட்டார். உரத்த இசையின் நடுவே எல்லாரும் அழுதோம்; நானும் மனமுருகி அழுதேன். வெளியே வந்தபோது உடம்பு காற்றைப்போல் இலேசாக இருந்தது. அந்த இலேசு மூன்று நாள் நீடித்தது. அடுத்த போட்டியில் ஒன்பது காலடி வைத்து, ஹர்டிலை இடித்து, கடைசியாக வந்தேன். தொலைபேசியில் அழைத்துச் சொன்னபோது, எனக்கு நம்பிக்கை போதவில்லை என்றும், இதைவிட ஆழமான அடுத்த கட்ட முகாமில் சேர வேண்டும் என்றும் பதில் வந்தது. பணம் போனதைவிட அந்தப் பதில்தான் எனக்கு அதிகத் தீங்கு செய்தது. அதுவரை என் காலில் ஏதோ கோளாறு என்று எண்ணியிருந்த நான், அன்று முதல் நானே கோளாறானவள் என்று எண்ணத் தொடங்கினேன்.

இப்படிப்பட்ட இடங்களுக்குப் போகும் எவரையும் நான் குறை சொல்ல மாட்டேன். வழி தெரியாமல் தவிப்பவருக்கு உறுதியாகப் பேசும் குரல் பெரிய ஆறுதலாகத் தெரிகிறது. ஆனால் பணம் கட்டுவதற்கு முன் சில கேள்விகளைக் கேளுங்கள். உளவியலில் முறையான பட்டமும் மேற்பார்வையோடு பெற்ற பயிற்சியும் அவருக்கு உண்டா? நீங்கள் சொல்வதை யாரிடமும் சொல்லாமல் காப்பாரா? முன்னேற்றத்தை எதை வைத்து அளப்பார்? பயன் தராவிட்டால் என்ன செய்வார்? கடைசிக் கேள்விக்கு வரும் பதிலே எல்லாவற்றையும் காட்டிவிடும். முறையாகப் பணிசெய்பவர், வேறு வழியை முயல்வோம் அல்லது வேறொருவரிடம் அனுப்புவேன் என்பார். பயன் தராததற்கு உங்கள் நம்பிக்கைக் குறைவே காரணம் என்று சொல்லக்கூடிய எவரிடமும் உங்கள் மனத்தை ஒப்படைக்காதீர்கள். கேட்பவரைப் பற்றி ஒன்றும் அறியாமலே காரணத்தை அறிந்துவிட்டதாகச் சொல்பவரிடமும் அப்படியே.

அதன் பிறகு ஓட்டத்தையே விட்டுவிடும் முடிவில் இருந்தேன். 2024இல் பாரிஸ் ஒலிம்பிக் நடந்த வாரங்களில் வீட்டில் சும்மா இருந்தேன். ஜிம்னாஸ்டிக்ஸில் அமெரிக்க வீராங்கனை சிமோன் பைல்ஸ் மூன்று தங்கமும் ஒரு வெள்ளியும் வென்றதைப் பார்த்தேன். அதைவிட, மூன்று ஆண்டுகளுக்கு முன் டோக்கியோவில் அவருக்கு நேர்ந்தது மறுபடியும் பேசப்பட்டதைக் கூர்ந்து கேட்டேன். 2021இல் அணி இறுதிப் போட்டியின் முதல் தாவலில், இரண்டரைச் சுழற்சி செய்ய வேண்டியவர் காற்றில் தன் உடம்பு எங்கே இருக்கிறது என்ற உணர்வை இழந்து, ஒன்றரைச் சுழற்சியோடு இறங்கினார். அந்த விளையாட்டில் இதை 'ட்விஸ்டீஸ்' என்கிறார்கள். அவர் விலகிக்கொண்டார், தங்கள் உடம்புக்கு எது பாதுகாப்பு என்று தாங்களே முடிவு செய்யலாம் என்பதைப் பல வீரர்களுக்கு அது காட்டியது. அந்தப் போட்டிகளின் இறுதியில் சுழன்று இறங்கும் அசைவைத் தவிர்த்துச் சமநிலைக் கட்டையில் வெண்கலமும் பெற்றார். எனக்கு அது தீர்வு எதையும் தரவில்லை. ஆனால் உலகிலேயே மிகச் சிறந்த ஒருவருக்கு உடம்பும் மனமும் பிரிந்துபோக முடியுமென்றால், எனக்கு நேர்ந்தது என் குணக்கேடு ஆகாது என்று எண்ணிப்பார்க்க முடிந்தது. அந்த வாரத்திலேயே பயிற்சியாளரிடம் முதன்முறையாக, எனக்குப் பயமாக இருக்கிறது, ஆனால் எதைப் பற்றிய பயம் என்று தெரியவில்லை என்று சொன்னேன். அவர் நீண்ட நேரம் பேசாமல் இருந்துவிட்டு, இதற்கு நான் உதவ முடியாது, உதவக்கூடியவரைத் தேடுவோம் என்றார். எத்தனையோ பயிற்சித் திட்டங்கள் தந்த அவர் எனக்குச் சொன்னவற்றில் மிகவும் பயன்பட்ட சொல் அதுதான்.

விளையாட்டு உளவியலாளரிடம் முதல் நாள் போனபோது உண்மையைச் சொன்னால் ஏமாற்றமாக இருந்தது. நான் அழுவதற்கு ஆயத்தமாகப் போயிருந்தேன். அவரோ, "இது எப்போதெல்லாம் வருவதில்லை?" என்று கேட்டார். எப்போது வருகிறது என்று பதினாறு மாதங்களாகக் கேட்டுக்கொண்டிருந்த எனக்கு அந்தக் கேள்விக்கு விடை தெரியவில்லை. ஒரு நோட்டுப் புத்தகம் வைத்து, ஆறு வாரங்களுக்கு ஒவ்வொரு தொடக்கத்தையும் குறிக்கச் சொன்னார்: இடம், நேரம், காற்று, முந்திய இரவின் தூக்கம், என் லேன் எண், இருபுறமும் யார் ஓடினார்கள், யார் பார்த்தார்கள், எத்தனை காலடிகள், பயம் பத்துக்கு எத்தனை. காரணம் எழுதக் கூடாது, நடந்ததை மட்டும் எழுத வேண்டும் என்பது அவருடைய ஒரே கட்டளை. இதைச் செய்ய எந்தச் செலவும் இல்லை. இன்றே எவரும் தொடங்கலாம். காரணத்தைத் தேடும் மனம் தனக்குப் பிடித்த காரணத்தையே கண்டுபிடிக்கும் என்பதை நான் என் அனுபவத்தில் கற்றேன். நோட்டுப் புத்தகத்துக்கு அந்தப் பழக்கம் இல்லை.

ஆறு வாரங்கள் கழித்து அவர் எதிரில் அமர்ந்து பக்கங்களைப் புரட்டியபோது, நானே கண்டுகொண்டேன். தூக்கத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை, பார்வையாளர்களுக்கும் தொடர்பில்லை. முதல் லேனில் ஓடிய நாள்களில் அது ஒரு முறைகூட வரவில்லை. வலப்பக்கத்தில் மட்டும் ஆள் இருந்தபோதும் வரவில்லை. அது வந்த நாள்களில் ஒன்றைத் தவிர எல்லாவற்றிலும் என் இடப்பக்க லேனில் ஒருவர் ஓடியிருந்தார். தனியாகப் பயிற்சி செய்யும்போது அது வராததற்கும் அதுவே காரணம். அந்தப் பக்கத்தில் விரலை வைத்தபடி நான் வெகுநேரம் அழுதேன். முகாமில் அழுத அழுகைக்கும் இதற்கும் எந்த ஒற்றுமையும் இல்லை. நான் விழுந்துவிடுவேன் என்று என் உடம்பு அஞ்சவே இல்லை. இன்னொருத்தியை மறுபடியும் வீழ்த்திவிடுவேனோ என்றுதான் அஞ்சியிருக்கிறது. அவள் பக்கமாக அந்தக் கை அகலாமல் இருப்பதற்காகவே ஒவ்வொரு முறையும் வேகத்தைக் குறைத்திருக்கிறது.

இதில் மாயம் எதுவும் இல்லை என்று உளவியலாளர் விளக்கினார். மூளையில் அமிக்டலா என்னும் பகுதி அபாயத்தோடு சேர்ந்து வந்த அடையாளங்களைப் பதிந்துவைக்கிறது. அந்த அடையாளம் மறுபடி எதிர்ப்பட்டால், நாம் எண்ணிப்பார்ப்பதற்கு முன்பே உடம்பை எச்சரித்துவிடுகிறது. எச்சரிக்கை வந்த உடம்பில், ஒரு மூட்டை நீட்டும் தசையும் மடக்கும் தசையும் ஒரே நேரத்தில் இறுகக்கூடும். காலடி குட்டையாவதற்கு அது போதும். ஆழ்மனம் என்ற சொல்லைக் கேட்டால், பூட்டிய அறை ஒன்றும் அதற்கான சாவி வைத்திருக்கும் குரு ஒருவரும் நம் நினைவுக்கு வருகிறார்கள். எனக்கு நேர்ந்ததில் அப்படி ஓர் அறையே இல்லை. ஓரக்கண்ணில் இடப்பக்கம் ஒரு நிழல் அசைந்தது; உடம்பு தான் கற்றதைச் செய்தது. அது என்னைத் தண்டிக்கவில்லை, ஒருவரைக் காப்பாற்ற முயன்றது என்று தெரிந்தபோது, என் உடம்பின் மீது இருந்த கோபம் தணிந்தது. கோபம் தணிந்ததே ஒரு பெரிய முன்னேற்றம், ஏனென்றால் அதுவரை ஒவ்வொரு தொடக்கத்திலும் நான் என்னோடு சண்டையிட்டுக்கொண்டேதான் ஓடியிருக்கிறேன்.

பிறகு அவர் என்னை எழுதச் சொன்னார். மனத்தை அழுத்தும் ஒரு நிகழ்ச்சியைப் பற்றித் தொடர்ந்து நான்கு நாள், நாளுக்குப் பதினைந்து நிமிடம், பிழை பார்க்காமல் எழுதும் இந்த முறையை ஜேம்ஸ் பென்னிபேக்கர் என்ற உளவியலாளர் 1986இல் வெளியான தம் ஆய்வில் பயன்படுத்தினார். முதல் இரண்டு நாளும் விபத்தைப் பற்றி எழுதினேன். மூன்றாம் நாள் என் பேனா மருத்துவமனைக் கட்டிலின் கால்மாட்டுக்குப் போய் நின்றுவிட்டது. கை பட்டது விபத்து என்று எனக்குத் தெரிந்தே இருந்தது. நான் அவளிடம் போகாமல் இருந்ததுதான் என் செயல். இங்கே ஓர் எச்சரிக்கை சொல்ல வேண்டும்: எழுதும் நாள்களில் மனம் முன்பைவிடக் கனமாகும்; எனக்கு இரண்டு இரவுகள் தூக்கம் போயிற்று. தூக்கமின்மை வாரக்கணக்கில் நீடித்தாலோ, நடந்தது கண்முன் மறுபடி மறுபடி ஓடி அன்றாட வாழ்க்கையைக் குலைத்தாலோ, உயிர் வாழ்வதிலேயே வெறுப்பு வந்தாலோ, தனியாக எழுதிக்கொண்டிருக்கக் கூடாது. உடனே மனநல மருத்துவரிடம் போக வேண்டும். ஓட்டத்தின் நேரத்தைச் சரிசெய்வது அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ள வேண்டிய வேலை.

தோழியைப் பார்க்கப் போனேன். பதினெட்டு மாதங்களுக்குப் பிறகு ஒருவர் வீட்டு வாசலில் போய் நிற்பது எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. நான் மன்னிப்புக் கேட்கத் தொடங்கியதும் அவள் இடைமறித்தாள். "கை பட்டதற்காக நான் ஒரு நாளும் உன்னை நொந்துகொள்ளவில்லை. நீ வராததற்காகத்தான் தினமும் நொந்துகொண்டேன்" என்றாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை. நான் பதில் சொல்ல முயலவும் இல்லை. பிறகு அவள் தன் சிகிச்சையைப் பற்றிப் பேசினாள். ஒன்பது மாதப் பயிற்சிக்குப் பிறகு முழங்கால் தேறிவிட்டது, ஆனால் ஹர்டிலுக்கு முன்னால் நிற்க அவளால் முடியவில்லை. அவளுடைய பிசியோதெரபிஸ்ட் ஒரு படிவம் தந்து பன்னிரண்டு கேள்விகள் கேட்டிருக்கிறார். ஏ.சி.எல். அறுவைக்குப் பிறகு விளையாட்டுக்குத் திரும்ப மனம் ஆயத்தமாக இருக்கிறதா என்று அளப்பதற்காக 2008இல் உருவாக்கப்பட்ட கேள்விகள் அவை: அச்சம் எவ்வளவு, தன் மீது நம்பிக்கை எவ்வளவு, மறுபடி அடிபடும் என்ற எண்ணம் எவ்வளவு. அந்த அறுவை செய்துகொண்டவர்களில் ஏறத்தாழ 55 விழுக்காட்டினரே போட்டி விளையாட்டுக்குத் திரும்பியிருக்கிறார்கள் என்று 2014இல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வு காட்டியது. மூட்டு தேறினால் மட்டும் போதாது என்பதால்தான் அந்தக் கேள்விகள் தேவைப்படுகின்றன. அவள் அந்தப் படிவத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தபோது, அப்படி ஒரு கேள்வியை யாரும் என்னிடம் கேட்கவில்லையே என்று தோன்றியது. உடனே அப்படித் தோன்றியதற்காக வெட்கப்பட்டேன். ஆனால் இன்று அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்று எண்ணுகிறேன். பயிற்சியாளராக இருப்பவர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான்: இருவர் மோதி ஒருவர் அடிபட்டால், அடிபடாதவரையும் ஒரு வாரத்துக்குள் தனியே அழைத்துப் பேசுங்கள், அடிபட்டவரைப் போய்ப் பார்க்க அவரை உடன் அழைத்துச் செல்லுங்கள், இரண்டாம் முறையும் அழைத்துச் செல்லுங்கள்.

மனம்விட்டுப் பேசியதும் எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். மறுநாள் பயிற்சியில் இடப்பக்கம் ஒரு பெண் ஓடினாள். என் ஆறாவது காலடி முன்போலவே குட்டையாக விழுந்தது. காரணம் தெரிந்தவுடன் தடை விலகிவிடும் என்பது நம்மில் பலருக்கு இருக்கும் நம்பிக்கை, ஆனால் உடம்பு சொற்களால் கற்றதை மட்டுமே சொற்களால் மறக்கும். ஓடிக் கற்றதை ஓடித்தான் மாற்ற வேண்டும். 1950களில் ஜோசப் வோல்ப் என்ற மனநல மருத்துவர் வகுத்த, அஞ்சும் பொருளைச் சிறுசிறு படிகளாக நெருங்கிப் பழகும் முறையை அடிப்படையாகக் கொண்டு பயிற்சியாளரும் உளவியலாளரும் நானும் ஒரு திட்டம் போட்டோம். முதல் வாரத்தில் இடப்பக்க லேனில் வெறும் ஸ்டார்ட்டிங் பிளாக் மட்டும் வைக்கப்பட்டது. அதன் பிறகு அங்கே ஒருவர் நின்றார், பிறகு நடந்தார், பிறகு ஹர்டில் இல்லாத லேனில் மெதுவாக ஓடினார். அடுத்து அவர் ஒரு நொடி முந்திப் புறப்பட்டார், அதற்கடுத்து பிந்திப் புறப்பட்டார். என் ஹர்டில் முதலில் 76.2 சென்டிமீட்டர் உயரத்தில் இருந்தது, பிறகுதான் முழு உயரத்துக்கு ஏற்றினோம். கடைசிக்கு முந்திய படியில் இருவரும் ஒன்றாகப் புறப்பட்டோம், கடைசிப் படியில் துப்பாக்கி ஒலியோடு புறப்பட்டோம். ஒரு படியில் பயம் பத்துக்கு மூன்று என்ற அளவுக்குக் குறைந்து, இரண்டு பயிற்சி நாள்கள் அப்படியே இருந்தால்தான் அடுத்த படி. பதினான்கு வாரங்கள் ஆயின. ஏழாவது வாரத்தில் ஆர்வத்தில் இரண்டு படிகளைத் தாவிப் பார்த்து, மூன்று வாரம் பின்னால் போனேன். நீங்கள் அதைச் செய்யாதீர்கள்.

மூச்சுப் பயிற்சியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நிமிடத்துக்கு ஏறத்தாழ ஆறு மூச்சு என்ற அளவில், உள்ளிழுப்பதைவிட வெளிவிடுவதை நீட்டி, ஐந்து நிமிடம் செய்வேன். அது படபடப்பைத் தணிக்கிறது, முடக்கத்தை நீக்குவதில்லை. இரண்டும் வேறு என்று தெரிந்து செய்தால் நல்ல துணை. காலடிகளை எண்ணுவதை விட்டுவிட்டு, ஹர்டிலுக்கு அப்பால் இரண்டாவது ஹர்டிலின் மேல்விளிம்பைப் பார்ப்பதும் எனக்கு உதவியது.

ஒன்றை மட்டும் யாராவது முன்பே சொல்லியிருந்தால் ஒரு மாதத் துயரத்தைத் தவிர்த்திருப்பேன். எங்கள் மைதானத்தில் எல்லாம் தேறிவிட்டது என்று முடிவானபின், நான் முன்பு ஓடியிராத ஒரு மைதானத்தில் போட்டிக்குப் போனேன். ஆறாவது காலடி மறுபடியும் குட்டையானது. எல்லாம் பழையபடி ஆகிவிட்டது என்று ஒடிந்துபோனேன். பழைய அச்சப் பதிவு அழிவதில்லை, அதன் மேல் புதிய பதிவு ஒன்று உருவாகிறது என்றும், புதிய பதிவு தான் உருவான இடத்தோடு ஒட்டிக்கொண்டிருப்பதால் இடம் மாறினால் பழையது தலைகாட்டும் என்றும் உளவியலாளர் சொன்னார். கற்றலைப் பற்றிய ஆய்வுகளில் இது நன்கு அறியப்பட்ட ஒன்று. ஆகவே, கடைசிப் படிகளைக் குறைந்தது மூன்று வெவ்வேறு மைதானங்களிலாவது, வெவ்வேறு ஆள்களோடு, வெவ்வேறு வேளைகளில் செய்துபாருங்கள். எனக்கு இரண்டாவது முறை அந்தப் படிகளைக் கடக்க நான்கு வாரமே ஆனது.

இருபத்தாறாம் மாதத்தில், நான்காம் லேனிலும் ஆறாம் லேனிலும் ஆள் இருந்த ஓட்டத்தில், முதல் ஹர்டிலின் நேரம் 2.71 நொடி, மொத்தம் 13.97. அதற்குப் பிறகு 13.88 ஓடியிருக்கிறேன். இதைப் பெரிய சாதனை என்று நான் சொல்லவில்லை; முன்பு இருந்த இடத்துக்கு வந்து, அதிலிருந்து ஓர் எட்டு எடுத்துவைத்திருக்கிறேன். தோழி ஹர்டிலுக்குத் திரும்பவில்லை. இப்போது அவள் 400 மீட்டர் ஓடுகிறாள், அதை விரும்பித்தான் ஓடுகிறாள் என்று சொல்கிறாள். நான் பதினெட்டு மாதங்கள் போகாமல் இருந்தது எங்கள் நடுவே இன்னும் முழுதாக ஆறவில்லை. சில நாள் அவள் பேச்சில் அது வெளிப்படும், நான் கேட்டுக்கொண்டிருப்பேன்.

நோட்டுப் புத்தகத்தை நான் விடவில்லை. சென்ற வாரம் அவள் மைதானத்துக்கு வந்திருந்தாள், தன் ஸ்பைக் காலணியைப் போட்டுக்கொண்டு என் இடப்பக்க லேனில் வந்து நின்றாள், முதல் ஹர்டில் வரை மட்டும் என்னோடு ஓடுவதாகச் சொன்னாள். அன்றைய வரி இப்படி இருக்கிறது: மாலை, எதிர்க்காற்று, ஐந்தாம் லேன், இடப்பக்கம் அவள், எட்டுக் காலடி, பயம் ஆறு.